சிவப்பு விழுந்த நேரமெல்லாம்

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோர். விறகடுப்புச் சூட்டில் காய் உலர்த்தும் இடம். உள்ளே எங்கள் கம்பெனி மாட்டிய சென்சார் சூட்டை அளந்து அனுப்ப, முதலாளி போடியில் உட்கார்ந்தபடி போனில் பார்ப்பார். ஒரு மாதமாகத் தொடர்பு அறுந்து அறுந்து, திரை சிவப்பாகிக்கொண்டே இருந்தது. அவருடைய மற்ற மூன்று ஸ்டோர்களில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் அடுப்பு பார்க்கும் அண்ணன்தான் வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குகிறார் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

"இன்னைக்குள்ள காரணம் சொல்லும்மா. இல்லேன்னா நாளைக்கு அடுப்புக்கு வேற ஆளு" என்று போனில் சொல்லியிருந்தார்.

மேலே போய்ச் சோதித்தேன். வயர் சரி. சிக்னலும் சரி. லேப்டாப்பில் பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், சரியாகப் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகே தொடர்பு அறுந்திருந்தது.

சூடு மாறினால் மட்டும் செய்தி அனுப்பும்படி புரோகிராம் எழுதியவள் நானே. அந்தச் செய்தி லோடு பேலன்சர் வழியாகப் போகிறது. வரும் தொடர்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து விடுவது அதன் வேலை. பத்து நிமிடம் பேசாத தொடர்பைச் செத்ததென்று வெட்டிவிடும். மற்ற ஸ்டோர்களில் சூடு ஏறி இறங்கியது, பேச்சு நிற்கவில்லை. இங்கே மட்டும் சூடு ஏன் அசையவில்லை? அண்ணனிடம் கேட்டேன்.

"ஒரேயடியா வெறகத் திணிச்சா காயி பச்சை போயிரும் தாயி. பக்கத்துலயே இருந்து கொஞ்சங்கொஞ்சமாத் தள்ளணும்" என்றார் அண்ணன்.

"ஒரு அரைமணி நேரம் ஏத்தி எறக்கி எரிங்கண்ணே. லைன் போகலேன்னா கண்டுபிடிச்சாச்சு."

"மாட்டேன்."

"உங்க சோலி போயிரும்ணே."

"போனாப் போகுது. உள்ள கெடக்கிற காயி என்ன பாவம் பண்ணுச்சு?"

கோபம் வந்தது. சண்டை போட நேரமில்லை. சென்சாரைக் கழற்றி வெளியே எடுத்தேன். உள்ளங்கையில் பொத்துவதும் காற்றில் காட்டுவதுமாக அரைமணி நேரம் பைத்தியம்போல் நின்றேன். தொடர்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை! திரும்ப உள்ளே மாட்டினேன். சூடு நிலைத்த பத்தாவது நிமிடம், சிவப்பு. நான் குதித்தேன், அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார்.

நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று சென்சார் சொல்ல ஒரு வரி சேர்த்தேன். சிவப்பு வரவில்லை. முதலாளிக்குப் போன் போட்டேன்.

"தப்பு என்னோடது சார். சூடு அசையாம இருந்தாத்தான் லைன் அறுந்திருக்கு. அவர் பக்கத்துலயே உக்காந்து பாத்தாத்தான் சூடு அசையாம நிக்கும். சிவப்பு விழுந்த நேரமெல்லாம் அவர் முழிச்சிருந்த நேரம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"அவர்ட்ட போனக் குடும்மா" என்றார்.