இன்குபேட்டருக்குள் கோடை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், இன்ஜின் மூடியை ஒட்டி நின்று வேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: எங்கள் ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்க்கும் இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும். குளிர்விக்கத் தெரியாது.

மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் பாலிமரேஸ், ஈஸ்டில் பன்னிரண்டு புரதத் துணையலகுகள் சேர்ந்த இயந்திரம். அதில் நான்காவது இல்லாத ஈஸ்ட் என்னுடையது. அது இல்லாவிட்டால் எந்த மரபணுக்களின் படியெடுப்பு குறைகிறது என்பதுதான் என் புராஜெக்ட். ஆனால் எத்தனை முறை வளர்ப்புத் தட்டில் தேய்த்தாலும் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. பக்கத்துத் தட்டில் சாதாரண ஈஸ்ட் கொழுகொழுவென்று இருந்தது.

"செத்த செல்லை வெச்சிக்கிட்டு இன்னா பண்ணுவ? திங்கக்கெழமை வரைக்கும் பாரு. இல்லேன்னா தலைப்ப மாத்திடு" என்று வழிகாட்டி மேடம் சொல்லியிருந்தார்.

பேருந்து நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய் இன்குபேட்டருக்குள் தெர்மாமீட்டரை வைத்தேன். அதன் வெப்பத் திருகில் முப்பது டிகிரிக்கு நேராக யாரோ ஒரு சீனியர் மார்க்கரால் கோடு போட்டிருந்தார். அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். டிசம்பரில் சரி. மே மாதத்தில் அறையே முப்பதைத் தாண்டிவிடுகிறதே! தெர்மாமீட்டர் முப்பத்தாறு காட்டியது.

எட்டிப் பார்த்த நண்பன் சிரித்தான். "மச்சான், இது இன்குபேட்டர் இல்லடா, இட்லிச் சட்டி."

நான்காவது துணையலகு இல்லாத ஈஸ்டுக்குச் சூடு ஆகாது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணே வாங்கியிருக்கிறேன். தட்டை வைக்கும்போது மட்டும் தோன்றவில்லை.

ஃபிரிட்ஜில் அந்த ஈஸ்ட் இருந்தது ஒரே ஒரு பழைய தட்டில். அதிலிருந்து எடுத்துப் புதிய தட்டில் தேய்த்து, ஏசி இருக்கும் மைக்ரோஸ்கோப் அறையில் வைத்தோம்.

"யாராவது ஏசிய நிறுத்திட்டா முடிஞ்சிதுடா" என்றேன் நண்பனிடம்.

"நா இங்கயே குந்திக்கிறேன். நீ போய் டீ வாங்கியா. சக்கர ஜாஸ்தியா."

ஞாயிறு மாலை வரை தட்டு வழவழவென்றே இருந்தது. இரவு தூங்கவில்லை. திங்கள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள்!

மேடம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குளுர்ல வளந்திச்சு, சரி. சூட்டுல செத்தது அந்தத் துணையலகு இல்லாததாலதான்னு எப்டி சொல்லுவ?"

ஆனால் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை.

இந்த வாரம் நான்காவது துணையலகுக்கான மரபணுவை ஒரு பிளாஸ்மிடில், அதாவது சின்ன டி.என்.ஏ. வளையத்தில், ஏற்றி, என் ஈஸ்டுக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். பிறகு வேண்டுமென்றே சூட்டில் வைப்பேன். பிழைத்தால், மேடம் கேட்டதற்கு அதுதான் பதில். அப்புறம் அந்த மரபணு உள்ள ஈஸ்ட், இல்லாத ஈஸ்ட் இரண்டிலிருந்தும் ஆர்.என்.ஏ. எடுத்து, எந்த மரபணுவின் படியெடுப்பு முதலில் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.