பள்ளிக்கூடத்து எருது

வள்ளியாத்தாள் ஆட்டாங்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளே ஊறப்போட்டது. குழவி சுற்றச் சுற்றப் பால் வெளுப்பாக வழிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. பிறந்த வீட்டில் நாலு ஏர் ஓடியது. அங்கே இந்த வேலைக்கெல்லாம் ஆள்காரி இருந்தாள். வள்ளியாத்தாள் மாட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போனால் வேடிக்கை பார்க்கத்தான். உத்தியோகக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு டவுனில் ஓட்டு வீட்டுக்குக் குடிவந்த பிறகு மாட்டுக்கு ஆட்டிப்போட வேண்டியிருக்கும் என்று யார் கண்டார்கள். அதுவும் சொந்த மாடாக இருந்தாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடத்து மாடு.

சங்ககிரிக்குத் தெற்கே இருந்த அந்த ஹைஸ்கூலில் முப்பத்தாறாம் வருஷம்தான் விவசாயத்தை ஒரு பாடமாக வைத்தார்கள். நாலாம் பாரத்துக்கு வருகிற பையன்கள் சரித்திரத்துக்குப் பதிலாக விவசாயமோ தச்சு வேலையோ எடுத்துக்கொள்ளலாம். தச்சுக்கு ஒரு கொட்டகை போதும். விவசாயத்துக்கு நிலம் வேண்டும், கிணறு வேண்டும், எருது வேண்டும். நிலமும் கிணறும் பள்ளிக்குப் பின்னாலேயே கிடைத்துவிட்டன. எருது கட்டத்தான் இடமில்லை. விவசாய வாத்தியார் சுப்பையனின் வீட்டுக்குப் பின்புறம் வேப்பமரத்தடி சும்மா கிடந்தது. அங்கேயே கட்டிக்கொள்ளலாமே என்றார் ஹெட்மாஸ்டர். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சுப்பையன் சொல்லவில்லை.

சுப்பையன் கெட்டிக்காரர். சேலத்துப் பருத்தி மண்டியில் கணக்கு எழுதியவரின் மகன். கோயமுத்தூரில் விவசாயம் படித்து, படித்ததை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் சம்பளத்தைப் பற்றிக்கூடக் கேட்காமல் வந்து சேர்ந்தவர். எந்த மண்ணுக்கு எந்த எரு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் வளர்ந்தது சந்துக்குள். மாடு பிடிக்கச் சந்தைக்குப் புறப்பட்டபோது, அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள் வள்ளியாத்தாள். சர்க்கார் காரியத்தில் மச்சான் தலையிட்டார் என்று பேச்சு வரும் என்று தனியாகவே போனார். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அது தெரியாமல் இவர் சத்தமாகவே விலை கேட்டாராம்; தரகன் சிரித்துக்கொண்டே கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டானாம். வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டும் மயிலை எருது, வெள்ளையில் சாம்பல் பூத்த நிறம். ஜோடி நன்றாகத்தான் இருந்தது. சுப்பையன் தண்ணீர் காட்டத் தொட்டியருகே அவிழ்த்து வந்தபோது ஒன்று தலையைத் தாழ்த்தியது. வெயில் சரியாக அதன் முதுகில் விழுந்தது. முதுகுத்தண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நேருக்கு நேராக இரண்டு மயிர்ச்சுழி. வள்ளியாத்தாளுக்குக் குழவி சுற்றின கை நின்றுபோயிற்று.

பாடைச் சுழி. பாடைக்கு வைக்கிற இரண்டு மூங்கிலைப்போல முதுகின் இரண்டு பக்கமும் விழுகிற சுழி. அந்தச் சுழியுள்ள மாடு நிற்கிற வீட்டில் பாடை கட்டாமல் வருஷம் போகாது என்பார்கள். அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் அப்படிப்பட்ட மாட்டைச் சும்மா கொடுத்தாலும் அவிழ்த்துவர மாட்டார்கள். அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுப்பையன் எருதின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார், குளம்பைக் காட்டினார், தொடைச் சப்பையில் புதிதாகப் போட்டிருந்த சர்க்கார் முத்திரையைக் காட்டினார். சூட்டுப் புண் இன்னும் ஆறவில்லை. முத்திரை விழுந்த மாட்டை இனி எவன் திரும்ப வாங்குவான்? பேசாமல் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்கு விளக்கேற்றும்போது தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குமேல் செய்ய அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எருது சாதுவாக இருந்தது. அதன் ஜோடிதான் அவ்வப்போது முட்ட வரும். இது இவளுடைய முந்தானையை முகர்ந்துவிட்டு நகர்ந்து நின்றுகொள்ளும். சுப்பையனுக்குச் சாதாரணமாகச் சளி பிடித்தால்கூடச் சுழியின் வேலைதான் என்று நினைப்பாள். கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் எருதை முறைத்துப் பார்ப்பாள். அது அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

பாடம் தொடங்கின வாரம் பையன்களுக்கு ஒரே கும்மாளம். பெஞ்சில் உட்காராமல் வெளியில் நிற்கலாம், இரும்புக் கலப்பையைத் தொடலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம். மாட்டைக் குளிப்பாட்டியதில்தான் எல்லாம் போயிற்று. தேய்த்து விட்டவர்கள் எல்லாரும் மாடு கட்டியிருக்கிற வீட்டுப் பிள்ளைகள்; சுழி கண்ணில் படாமல் போகுமா? மறு வாரம் ஒருவனுக்கு வயிற்றுவலி, ஒருவனுக்குக் காலில் முள். அப்புறம் ஒவ்வொருவராக ஹெட்மாஸ்டரிடம் போய், சரித்திரமே படித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். காரணத்தை எவனும் வாத்தியார் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பையன்கள்.

ஹெட்மாஸ்டர் சுப்பையனைக் கூப்பிட்டுப் பேசினார். ஆடி முடிவதற்குள் வகுப்பு என்று சொல்லும்படி பையன்கள் சேராவிட்டால் இந்தப் பாடத்தையே எடுத்துவிடுவார்கள். பாடம் போனால் அதற்கு வைத்த வாத்தியார் வேலையும் போகும் என்றார். சுப்பையன் வீட்டுக்கு வந்து, மண்ணைக் கிளற எதற்குப் பள்ளிக்கூடம் என்று குடியானவர்கள் நினைப்பதாகச் சொல்லி வருத்தப்பட்டார். வள்ளியாத்தாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு நின்றாள். சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் இவர் சிரிப்பார், அல்லது கோபப்படுவார். இரண்டில் எது நடந்தாலும் எருது எருதாகத்தான் இருக்கும்.

மறுநாள் வண்டி பிடித்துப் பிறந்த வீட்டுக்குப் போனாள். அண்ணன் அர்த்தநாரியின் மகன் சின்னுசாமியும் அந்த வகுப்பில்தான் சேர்ந்திருந்தான். அவனும் நான்கு நாளாகப் போகவில்லை.

அர்த்தநாரி தங்கையை உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் கேட்டார்:

"சுழி மாடுன்னு உனக்குத் தெரியுமல்ல, அம்மிணி?"

"தெரியுங்கண்ணா."

"மாப்பளைக்கு?"

அவள் இளநீர்க் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போவுது உடு. சர்க்காரு மாடுதான? பாடையும் சர்க்காருக்குத்தான் கட்டோணும். காங்கிரசுக்காரங்களுக்குச் சேதி தெரிஞ்சா அந்த எருதுக்கு மாலை போட்டு ஊர்கோலம் கூட்டிட்டுப் போவாங்க."

உள்ளேயிருந்து அண்ணி முத்தாயம்மாள் சிரிக்காமல் சொன்னாள்: "அது கட்டியிருக்கறது சர்க்காரு ஊட்லயாங்க? உங்க தங்கச்சி ஊட்ல."

அர்த்தநாரியின் சிரிப்பு நின்றது. வள்ளியாத்தாள் கேட்க வந்ததைக் கேட்டாள். சின்னுசாமி ஒருவன் வகுப்பில் இருந்தால் போதும், அவனைப் பார்த்து மற்றவர்கள் வருவார்கள், அவனை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றாள். அர்த்தநாரி எழுந்து போய்த் தன் கட்டுத்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னிடம் இருப்பதில் நல்லதாக ஒன்றை அவிழ்த்துத் தருவதாகவும், அந்தச் சுழி மாட்டைக் கண்காணாத இடத்துக்கு ஓட்டிவிடுவதாகவும் சொன்னார். முத்திரை போட்டாயிற்று என்று அவள் சொன்னதும் அதுவும் நின்றது.

"எனக்கு இருக்கறது ஒரே பையன், அம்மிணி. கலப்பை புடிச்சுட்டு அது பின்னாலயே அவன் நடக்கோணுமில்ல? வேற என்ன வேணாலும் கேளு."

வேறு என்ன கேட்பது? அண்ணன் ஒரு மூட்டை பருத்திக்கொட்டையை வண்டியில் ஏற்றிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுப்பையன் பையன்களின் தகப்பன்மாரை எல்லாம் பள்ளிக்கூடத்து நிலத்துக்கு அழைத்திருந்தார். இரும்புக் கலப்பை எவ்வளவு ஆழம் போகிறது என்று கண்ணால் கண்டால் மனம் மாறும் என்பது அவருடைய நம்பிக்கை. நாச்சிமுத்துக் கவுண்டர்கூட வருகிறாராம். சுற்று வட்டாரத்தில் பெரிய பண்ணையம் அவருடையது. அவர் தன் பேரனைச் சேர்த்தால் பாதி ஊர் சேர்ந்த மாதிரி.

வள்ளியாத்தாள் சனிக்கிழமை பூராவும் உட்கார்ந்து யோசித்தாள். பழைய சிவப்புச் சேலை ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, நான்கு மூலையிலும் நூல் குஞ்சம் கட்டினாள். இரண்டு எருதுக்கும் முதுகுத் துணி. ஒன்றுக்கு மட்டும் போட்டால் சந்தேகம் வரும் என்பது வரைக்கும் அவளுக்கு யோசனை போயிற்று. பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், கொஞ்சம் ஜோடிக்கலாமே என்று சொன்னாள். சுப்பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மாடுகளால் அவளுக்கு எவ்வளவு வேலை என்று அவருக்கு இருந்த உறுத்தலெல்லாம் கரைந்துபோய், கடைக்குப் போய்ச் சலங்கை வாங்கி வந்து அவரே கழுத்தில் கட்டினார்.

பொங்கலில்லை, தேரில்லை. மழையில்லை, பனியில்லை. புழுதி பறக்கிற ஆடிக் காற்றில் முதுகில் சிவப்புத் துணியோடு இரண்டு எருதுகள் கலப்பையில் பூட்டி நின்றன. உழவு மாட்டுக்குத் துணி போர்த்தி எந்தக் குடியானவனாவது பூட்டுவானா? வேலியோரம் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோர்ப் பானையோடு மரத்தடியில் நின்ற வள்ளியாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இதை அவள் அப்பன் பார்த்திருந்தால் அரைக் கல் தூரத்திலிருந்தே சொல்லியிருப்பார், துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று.

சுப்பையன் இரண்டு சால் ஓட்டிக் காட்டினார். மண் நன்றாகவே புரண்டது. நாச்சிமுத்துக் கவுண்டர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார், கலப்பையைத் தட்டிப் பார்த்தார். பிறகு எருதின் பக்கம் வந்து, கைத்தடி நுனியால் துணியைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, பழையபடி சரியாக இழுத்தும் விட்டார்.

"கலப்பை நல்ல கலப்பைங்க, வாத்தியாரே. எருதுக்குச் சீலை கட்டறதுதான் எங்கூர்ப் பக்கம் வழக்கமில்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. காட்டில் வேலை கிடக்கிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகிறபோது வள்ளியாத்தாளிடம் மோர் வாங்கிக் குடித்தார்கள். மோர் நன்றாக இருக்கிறது என்றார்கள். கவுண்டர் சொம்பைத் திருப்பித் தரும்போது அவளை நிமிர்ந்து பார்த்து, "சூதானமா இரு, சாமி," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சுழி விஷயத்தைச் சுப்பையனுக்கு எடுத்துச் சொன்னவர் ஹெட்மாஸ்டர். மாட்டில் பழுது இருந்தால்கூட இரண்டொருவர் வந்திருப்பார்கள், மூடி மறைத்து ஏமாற்றப் பார்த்ததுதான் எல்லாருக்கும் பட்டுவிட்டது என்றாராம். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தத் துணியை எதற்காகப் போட்டாய் என்று கேட்டார். பார்க்கிறவர்கள் கண் படக் கூடாதென்றுதான் என்றாள். அது பொய்யும் இல்லை. படித்தவன் வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால் ஊரில் யாரைத் திருத்துவது என்று அவர் தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். கத்தவில்லை.

அதன் பிறகு அவருக்கு ஒரு பிடிவாதம் வந்தது. பையன்கள் இல்லாவிட்டால் என்ன என்று தாமே வேட்டியை மடித்துக் கட்டி, அந்த எருதைப் பூட்டித் தினம் உழுதார். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கட்டும், தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும் என்றார். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கத்தான் செய்தார்கள். கிணற்றடியில் பெண்கள் வள்ளியாத்தாளுக்கு வழி விட்டு, வாத்தியார் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். அவர் பக்கத்திலேயே நின்றாலும் விசாரித்தார்கள். அவர் உழுது முடித்து, வியர்வையோடு திரும்பி வரும்வரை இவள் பின்கதவுப் படியிலேயே உட்கார்ந்திருப்பாள். உழ வேண்டாம் என்று சொன்னால் ஊரோடு சேர்ந்தவளாகிவிடுவாள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் வந்து முகம் கழுவத் தண்ணீர் கேட்டபிறகுதான் உலை வைப்பாள்.

ஆடி போய் ஆவணியில் உத்தரவு வந்தது. வகுப்பு கலைந்தது. தச்சு வகுப்பு மட்டும் நடந்தது. சுப்பையனைத் தர்மபுரிப் பக்கம் கிராமம் கிராமமாகப் போய்க் கலப்பை காட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். சம்பளத்திலும் ஒரு படி இறக்கம். எருதுகளை ஓட்டிக்கொண்டு போக ஆள் வந்தது. சுழி எருது திரும்பிப் பார்க்காமல் போயிற்று. வேப்பமரத்தடியை வள்ளியாத்தாள் சாணம் போகக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தாள். நிம்மதி வரவில்லை. வேலை இறங்கிப்போன புருஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின சாயந்திரம், அறையில் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சுப்பையன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் கலகலப்பாகப் பேசினார். புது இடத்தில் மண் செம்மண்ணாம், கடலை நன்றாக வருமாம். அங்கேயும் சர்க்காரே ஒரு ஜோடி மாடு வாங்கப் பணம் கொடுக்குமாம். போன கையோடு சந்தை பார்க்க வேண்டுமாம்.

வள்ளியாத்தாள் கோணியின் வாயைச் சேர்த்துப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, மாடு புடிக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? நான் ஒண்ணும் பேச மாட்டனுங்க. வண்டிலயே உக்காந்து பாத்துட்டு, வேண்டாம்னா தலைய மட்டும் ஆட்டறேன்."

சுப்பையன் அவளையே பார்த்தார். கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது; இவ்வளவு நேரம் இருந்த கலகலப்பு போய்விட்டது. எழுந்து, ஆணியில் தொங்கின துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் நிலைக்குத் தலையைக் குனிந்து வெளியே போனார்.