அத்தையின் புடவைக்குள்

மாமல்லபுரத்து மலையடித் தோட்டத்தில் யாரோ ட்ரோன் கேமராவைப் பறக்கவிட்டார்கள். அந்த ரீங்காரம் கேட்டதுமே புல்தரையில் குனிந்து தலையை மூடிக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். கோடை விடுமுறையில், இதே புல்தரையில் கோவளத்து அத்தையோடு வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தேன். பாறை இடுக்கிலிருந்து தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பி வந்தன. ஓட எழுந்த என்னை அத்தை கீழே தள்ளி, புடவையால் மூடி, மேலே கவிழ்ந்துகொண்டாள்.

"பயமா கீது அத்த!"

"வாயத் தொறக்காத கண்ணு, ஆடாம கெட."

ஒவ்வொரு கொட்டுக்கும் அவள் உடம்பு துடித்ததை உணர்ந்தேன்.

தோட்டக்காரர் புகை போட்டு விரட்டினார். அத்தையின் கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. அந்த முகத்தைக் கண்டு அலறினேன். அவளோ என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "உன்ன எங்கனா கொட்டிச்சா?" என்றாள்.

வீக்கம் வடிந்து அவள் கண் திறக்கும்வரை, ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு நான் நகரவில்லை.