நாலு மணிக்கு மேல் ஊழியம்

ஜாக்குலின் வேலை பார்த்தது மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில். அறை துடைப்பது, படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது. மாலை நாலு மணிக்குப் பின்வாசல் மெஷினில் முகத்தைக் காட்டினால் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. கணக்கு மட்டும்தான் முடியும். முகத்தைக் காட்டிவிட்டு எல்லாரும் மறுபடி உள்ளே போக வேண்டும். இன்னும் நாலைந்து அறை பாக்கி கிடக்கும். அதற்குச் சம்பளம் கிடையாது.

அந்த வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர் வைத்தவர் சூப்பர்வைசர் பெஞ்சமின். ஜாக்குலின் போகிற சர்ச்சிலேயே கீபோர்டு வாசிப்பவர். சர்ச்சில், கூலி வாங்காமல் ஆண்டவருக்காகச் செய்வதெல்லாம் ஊழியம். பாய் விரிப்பதும் ஊழியம், நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போவதும் ஊழியம்.

"டியூட்டி முடிஞ்சிது சிஸ்டர், இனிமே ஊழியம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதட்டவே மாட்டார். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு முடியாது என்று யார் சொல்வது? கூட வேலை பார்க்கிற, விளக்கேற்றிச் சாமி கும்பிடுகிற தமிழ்ச்செல்விகூட, "இன்னாக்கா, இன்னிக்கு எத்தினி ரூம் ஊழியம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஜாக்குலினும் சிரித்தபடி எண்ணிச் சொல்வாள்.

சிரித்தாளே தவிர, வயிறு எரியத்தான் செய்தது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் ஜாய்ஸ் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள். அவள் படிப்பு முடிகிறவரை இந்த வேலை கையை விட்டுப் போகக் கூடாது. ஆனாலும் ஒரு தரம் வாயைத் திறந்து கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, மிச்ச ரூமையும் முடிச்சிட்டு மூஞ்சிய காட்டுனா இன்னா?"

"ஓவர்டைம் ஏன்னு மேல கேப்பாங்க சிஸ்டர். எனக்கும் பேஜாரு, உங்களுக்கும் பேஜாரு. கர்த்தர் பாத்துகினுதான கீறாரு."

கர்த்தர் பார்த்திருக்கலாம். மெஷின் பார்க்கவில்லையே!

வைகாசியில் ஒரு கல்யாணக் கூட்டம் அறைகளைக் காலி செய்த அன்று அது நடந்தது. நாலு மணிக்கு முகத்தைக் காட்டிவிட்டு மாடிக்குப் போனவள், சோப்புத் தண்ணீரில் வழுக்கிக் குளியலறையில் விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. அலறல் கேட்டு ஓடி வந்து தூக்கியது பெஞ்சமின்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கட்டுப் போடுகிறவரை கூடவே நின்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலையில் பட்ட அடி என்று ரிசார்ட் எழுதிக் கொடுத்தால் கை கூடும்வரை ஈ.எஸ்.ஐ.யில் பணம் வரும், வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் இரண்டும் போச்சு. மாவுக்கட்டோடு ஆபீஸ் அறைக்குப் போனாள். மேனேஜர் ஹரிகிருஷ்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நீங்க நாலு மணிக்கே கிளம்பிட்டதா காட்டுதேம்மா. அதுக்கப்புறமும் வேலைதான் செஞ்சீங்கன்றதுக்கு சாட்சி யாராவது உண்டா?"

"பெஞ்சமின் அண்ணன் கீறாரு சார். அவர்தான் என்னத் தூக்குனாரு."

கூப்பிட்டு அனுப்பினார்கள். பெஞ்சமின் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ளதான் சார் இருந்தாங்க. ஆனா அது வேலைன்னு சொல்ல முடியாது. சிஸ்டர் மனசார செஞ்ச ஊழியம். அவங்களே அப்பிடித்தான் சொல்வாங்க."

ஹரிகிருஷ்ணனுக்கு அது போதும். "அப்ப நாங்க ஒண்ணும் எழுதித் தர முடியாதும்மா" என்றார். பச்சைப் பொய்யாக இருந்தால் ஜாக்குலின் சண்டைக்கு நின்றிருப்பாள். அவளும் சிரித்துச் சிரித்துச் சொன்ன வார்த்தைதானே? எழுந்து வந்தாள். மறு வாரமே அவள் இடத்துக்கு ஆள் வந்துவிட்டதாகத் தமிழ்ச்செல்வி போனில் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். முடிந்ததும் சபை 'ஸ்தோத்திரம்' என்று சொல்லும். அன்று ஜாக்குலின் எழுந்தாள். எதிரே, கீபோர்டுக்குப் பின்னால் பெஞ்சமின்.

"நாலு மணிக்கு மேல நான் செஞ்சது வேலை. ஊழியம் இல்ல. வேலையிலதான் வுழுந்தேன். பெஞ்சமின் அண்ணனுக்குத் தெரியும். ஆபீஸ்ல சாட்சி கேட்டாங்க, அவரு சொல்லல. இங்க ஆண்டவர் சன்னிதில கேக்குறேன். சொல்லுண்ணே, அது வேலையா இல்லியா?"

பெஞ்சமின் வாய் லேசாகத் திறந்தது. சொல்லிவிடுவார் என்றே அவள் நம்பினாள். அதற்குள் காது மந்தமான யாரோ பின்னாலிருந்து பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்!" என்று குரல் கொடுக்க, சங்கடத்தில் நெளிந்துகொண்டிருந்த சபை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" பாட்டைத் தொடங்கச் சொல்லி பாஸ்டர் அவசரமாகக் கையைக் காட்டினார். பெஞ்சமின் தலையைக் குனிந்து வாசிக்கத் தொடங்கினார்.

எல்லாரும் பாடினார்கள். கேட்டதற்குப் பதில் வரும் என்று, பாட்டு முடிகிறவரை ஜாக்குலின் உட்காராமல் நின்றாள். பாட்டு முடிந்ததும் அடுத்த சாட்சி சொல்ல வேறொருவர் எழுந்துவிட்டார்.