பெயர்கள் ஓடி முடியும் வரை

இந்த நாட்டில் படம் முடிந்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. திரையில் பெயரெல்லாம் ஓடி, விளக்கைப் போட்ட பிறகுதான் கழற்றி வைத்த குளிர்கோட்டைத் தேடுகிறார்கள். உத்திரமேரூரில் கதாநாயகன் கடைசி அடி கொடுக்கும்போதே நாங்கள் வாசலில் நிற்போம். எங்கள் ஊர் வழியாகப் பெருநகர் போகும் பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டுமே!

சென்ற மாதம் இங்குள்ள நூலக அரங்கில் எங்கள் ஊரையே திரையிட்டார்கள். ஏரியில் மண் அள்ளுவதை எதிர்த்து நான் ஊரில் இருந்தபோது நாங்கள் நடத்திய பாட்டுக் கூட்டத்தைப் பற்றிய ஆவணப்படம். பக்கத்து வீட்டு இங்கிரிட்டைக் கையோடு இழுத்துப் போயிருந்தேன். சென்னையிலிருந்து வந்த இசைக்குழுதான் படம் முழுக்க. பச்சை முடிக்காரன் ஒருவன், டிரம்ஸ் அடிக்கும் பெண் ஒருத்தி. நடுவில் கண் சிமிட்டும் நேரம் கஸ்தூரி வந்தாள், கையில் சாம்பார் வாளியோடு.

"சமையல்காரரா?" என்றாள் இங்கிரிட்.

"இல்லை, பாட்டுக்காரி. என் சிநேகிதி."

"அப்படியா? எப்போது பாடுவார்?"

பாவம், கடைசி வரை காத்திருந்தாள். பெயர்கள் ஓடின. நிகழ்ச்சித் தொகுப்பு என்று என் பெயர் வந்ததும் கை தட்டினாள். கடைசி வரியில் 'நன்றி: கிராம மக்கள்' என்றிருந்தது. அதற்குள்தான் கஸ்தூரி இருந்தாள். பிறகு ஒருவர் மேடையேறி, எத்தனை விதமான மனிதர்களுக்கு இந்தப் படம் இடம் கொடுத்திருக்கிறது என்று பாராட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் எடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

கோட்டைக் கழற்றும்போதுதான் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பந்தல், தண்ணீர்க் காற்று, வாழையிலையில் சுடச்சுடச் சோறு. கஸ்தூரியும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பத்தாவதோடு அவள் நடவுக்குப் போய்விட்டாள். வயலில் அவள் பாட்டின் முதலடி எடுத்தால் வரிசை முழுக்கப் பாடும். ஏரிக்காகத் தானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். மைக் என் கையில். ஆறு மணி வரைதான் அனுமதி. சென்னைக்காரர்கள் வந்ததோ ஐந்துக்கு. விருந்தாளியை நிற்கவைத்து வீட்டுக்காரர் பந்தியில் உட்காரும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

"வந்தவங்க மொதல்ல பாடட்டும்டி. நீ அப்பறம் பாடு," என்றேன், பாட மேடையேறிய கஸ்தூரியிடம்.

"அதுக்கு இன்னாடி? அவுங்க ஊருக்குப் போவணும். நாம எங்க போவப் போறோம்?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். அவள் முறை வருமுன்பே, ஆறு மணிக்கு, போலீஸ்காரர்கள் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

கேமரா இருந்ததைத்தான் எடுத்தது. அவளை மேடையிலிருந்து இறக்கியவள் நான். படம் பார்த்த மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன்.

"படத்துல நானு கீறனா?"

"கீற."

"இன்னா பண்ணிக்கினு கீறேன்?"

"சாம்பார் ஊத்திக்கினு கீற."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, எம் பாட்டு இல்லியா?"

"இல்லடி. நான்தான் உன்ன எறக்கிவுட்டேன்."

"வுடு. நீ எப்ப வூட்டுக்கு வருவ?" என்றாள். நாம எங்க போவப் போறோம் என்றவள் அங்கேயேதான் இருக்கிறாள். அந்த 'நாம'விலிருந்து கிளம்பி வந்தவள் நான்.

இப்போதும் படம் முடியும்போது சட்டென்று எழுந்துவிடுகிறேன். ஆனால் வெளியே போகக் கால் வருவதில்லை. இருக்கைக்கும் வாசலுக்கும் நடுவே நின்றபடி கடைசிப் பெயர் வரை படிக்கிறேன்.