ஏ மைனருக்குக் காத்து நின்றவள்

சாயல்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வீரமணிக்கு ஊரில் யார் மேலும் பொறாமை கிடையாது. எதிர்க்கடைக்காரன் கடைக்கு ஏசி போட்டபோதுகூட, நல்லா இருக்கட்டும் என்றான். அவன் வயிறு எரிந்ததெல்லாம் ஒரே ஆள் மேல்தான். தாலி கட்டிய பெண்டாட்டி இராமலட்சுமி மேல்!

எரியாதா பின்னே? சென்னைக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் கிட்டார் வாங்கி, விரல் நுனி காய்த்துப்போகும்வரை பழகியவன் அவன். அவளோ மிளகாய்க் காட்டில் பழம் பறிக்கும்போது கேட்ட பாட்டை அப்படியே பாடுகிறவள். அதற்கு ஏற்ற கார்டு, அதாவது கிட்டாரில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, தேடி என்னென்னவோ போட்டுப் பார்த்தான். எல்லாம் துருத்திக்கொண்டு நின்றன. கடைசியில் ஏ மைனர், ஜி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டான். பாட்டு பாந்தமாக உட்கார்ந்துவிட்டது.

அதைப் போனில் எடுத்துப் போட்டதுதான் வினை. மாவட்டமே கேட்டது. அக்கா குரல் தேன், அக்கா இன்னொரு பாட்டு என்று கமெண்ட் குவிந்தது. கிட்டாரைப் பற்றி ஒரே ஒருத்தர்தான் எழுதியிருந்தார். பின்னால் கேட்கும் டொய்ங் டொய்ங் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாமாம். வீரமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாரியூரில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பிளக்ஸில் அவள் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே 'இராமலட்சுமி குழுவினர்' என்று போட்டிருந்தார்கள். குழுவினர் என்றால் வேறு யார், இவன் ஒருத்தன்தான்.

அன்றிலிருந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பழகினான். ஒவ்வொரு அடி முடிவிலும் ஏ மைனர் விழுந்தால்தான் அவள் அடுத்த அடியை எடுப்பாள். அது இவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்த இடத்தில் எஃப், டி மைனர், இ செவன் என்று வேறு வேறு கார்டுகளாக நீட்டிக்கொண்டே போகிற மாதிரி அமைத்தான். அவளிடம் மூச்சு விடவில்லை.

மேடையில் முதல் இரண்டு அடி ஒழுங்காகப் போனது. பிறகு இவன் கை மாறியது. அவள் காத்து நின்றாள். ஏ மைனர் வரவில்லை. தானாக எடுத்துப் பார்த்தாள், சுருதி சேரவில்லை, நிறுத்திவிட்டாள். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி வீரமணி வாசித்துத் தள்ளினான். இளவட்டங்கள் விசிலடித்தார்கள். விழாக்காரர் வந்து இவன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது, மைக் சரியில்லை போல என்று இவனாக ஆரம்பித்தான்.

"மைக் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் கையை மாத்துனீங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. "தனியா வாசிக்கணும்னு அம்புட்டு ஆசைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நானே பாட்டை நிறுத்திட்டு, எங்க வீட்டுக்காரர் வாசிப்பைக் கேளுங்கன்னு மைக்குல சொல்லியிருப்பேனே."

சொல்லியிருப்பாள். சத்தியமாகச் சொல்லியிருப்பாள். அந்த மனசும் அவளுக்குத்தானே வாய்த்திருக்கிறது என்று நினைத்தபோது வீரமணிக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.