வெள்ளிக்குப் போகும் விமானம்

ஜெபத்தில் ஆங்கிலம் கலக்கக் கூடாது என்று கேசியா எண்ணியதுதான் பிழையாகப் போயிற்று. ஆய்வகத்தில் எல்லாரும் வீனஸ் என்பார்கள், தெலுங்கில் சுக்ருடு. அந்தக் கிரகத்தை அவளுக்கு முதன்முதலில் காட்டிய அப்பா, அவள் நைனா என்று அழைத்த கிளாட்வின், வெள்ளி என்றே சொல்லுவார். ஆகவே சித்தூர் சபையின் செயலாளர் இன்பசேகரனிடம், "வெள்ளிக்குப் போற விமானத்துக்காக ஜெபிக்கச் சொல்லுங்கண்ணே" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டாள். அவரோ ஞாயிறு ஆராதனையில், "நம்ம கேசியா வர்ற வெள்ளிக்கு விமானம் ஏறுறாங்க, பிரயாணத்துக்காக ஜெபிப்போம்" என்று அறிவித்துவிட்டார்.

நைனா காலமான பிறகு சித்தூர் வீடு பூட்டியே கிடந்தது. திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகமே அவளுக்கு வீடுபோல் ஆகியிருந்தது. அவள் வடிவமைத்த விமானம் ஆளில்லாதது. வெள்ளியின் தரை உலைபோல் கொதிப்பதால், அது இறங்காமல் மேகங்களின் மேல்தட்டிலேயே சூரிய ஒளியைக் கொண்டு பறக்க வேண்டும். அங்கே வீசும் சூறைக்காற்று அதை இருட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தில் நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓயாமல் எதிர்த்துப் பறந்தாக வேண்டும்.

மேகமோ கந்தக அமிலம். அமிலம் அரிக்காத படலம் ஒன்றை இறக்கைக்குத் தேர்ந்தாள். அதில் பசையும் ஒட்டவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் ஓரங்கள் பிரிந்தன. உடனிருந்த சம்பத் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். துறைத்தலைவர் நாகபூஷணம், "கேசியாகாரு, இந்த வாட்டியும் விட்டுச்சுன்னா மூசேத்தாம். மூடிடலாம்மா" என்றார்.

பசையைக் கைவிட்டு, ஓரங்களைச் சூட்டில் உருக்கி இணைத்து, அந்த இறக்கைத் துண்டை அமில மூட்டம் நிறைந்த கண்ணாடித் தொட்டிக்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சித்தூர் பேருந்தில் வந்து இறங்கினாள் அத்தை கிருபாபாய், கையில் ஒரு பையோடு.

"எந்த ஊருக்குடி போறே? சொல்லாம கொள்ளாம கெளம்பிக்கினு கீறியே!"

"நான் எங்க அத்தே போறேன்? விமானந்தான். வானத்துல மின்னுதே, அந்த வெள்ளிக்கு."

"அடக் கர்த்தாவே! யாரு ஓட்டுறது?"

"யாருமில்ல."

"ஒண்டியாவா அனுப்புறே?"

கேசியா கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள்.

"போவுமோ என்னமோ. சாயந்திரம் தெரிஞ்சிடும்."

"சரி, நீயாவது துன்னு. வழிக்குன்னு கட்னது, திருப்பி எடுத்துக்கினு போவக் கூடாது." பையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மாமாவுக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்று அத்தை பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மாலையில் கேசியா துண்டை இடுக்கியால் எடுத்துக் கழுவி, உருப்பெருக்கியின் கீழே வைத்தாள். ஓரங்கள் பிரியவில்லை. முழு நீளத்துக்கும் சேர்ந்தே இருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். சம்பத்தின் நாற்காலியில் பழைய அட்டைப்பெட்டிகள் இருந்தன. நாகபூஷணம் பலமனேரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்; அழைத்தபோது எடுக்கவில்லை. அத்தையை அழைத்தாள்.

"சேர்ந்துடுச்சு அத்தே!"

"என்னா? பஸ்ஸு சத்தம், ஒண்ணும் கேக்கல!"

"சேர்ந்துடுச்சு!"

"அதுக்குள்ளயா? ஸ்தோத்திரம்! ஒண்டியா போனாலும் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சே!"

வரும் ஞாயிற்றுக்கிழமை சபையில் என்ன அறிவிப்பார்கள் என்பது அவளுக்கு விளங்கியது.

"ஆமா அத்தே" என்றாள்.

இரைச்சலில் தொடர்பு அறுந்தது. கேசியா கையைக் கழுவிவிட்டு வந்து, வழிக்கென்று கட்டிய எலுமிச்சைச் சோற்றை இறக்கைத் துண்டின் அருகே பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.